மூன்று குச்சி, இரண்டு பூ, ஒரு கரும்புள்ளி

1

என் கேமராவுக்குள் தூசி விழுந்துவிட்டது என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். பிறகு அது தூசி இல்லை, பூஞ்சை என்று நம்பினேன். இரண்டுக்கும் நடுவில், அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்குப் போகும் பேருந்தில், கோளாறு கேமராவிலேயே இல்லை, என் கண்ணில்தான் என்று சின்னமனூர் வரைக்கும் நம்பினேன். எதையும் அரைகுறையாக நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இதை எழுதுகிறவன் ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். இரும்பு வளையங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவது வேலை. தலைமுடி அளவு கீறல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று சான்றிதழ் கொடுத்துச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்றுதான்.

போன வாரம் என் மகளின் பூ ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. அது வந்த பிறகுதான் இதையெல்லாம் ஊருக்கு எழுதலாம் என்று துணிந்தேன்.

2

ஜப்பானியர்கள் பூ வைக்கும் விதத்தை நம் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இகேபானா என்று பெயர். ஒரு சாடி. அதன் அடியில் ஆணிகள் நெருக்கமாக நிற்கிற கனத்த வில்லை ஒன்று, கென்சான் என்பார்கள். அதில் நெட்டையாக ஒரு குச்சி, நடுத்தரமாக ஒன்று, குட்டையாக ஒன்று. எங்காவது ஓரமாகப் பூ. மீதி எல்லாம் காலி இடம். அந்தக் காலி இடத்துக்குத்தான் மதிப்பெண்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். சீலையம்பட்டிச் சந்தையில் பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். பெண்கள் தலையில் முழக்கணக்கில் ஏறும். மாப்பிள்ளை கழுத்தில் மூச்சு முட்டும்வரை விழும். ஜப்பானில் முதன்முதலாக ஒரு கண்காட்சியில் மூன்று குச்சியையும் ஒரு பூவையும் பார்த்தபோது, வைக்கிறவர் மீதியை எடுத்துவரப் போயிருக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

இந்த வம்பில் என்னை இழுத்துவிட்டது மகள். பெயர் மாரி. வீரபாண்டி மாரியம்மனை நினைத்து வைத்தது. ஜப்பானிலும் அப்படிப் பெயருள்ள பெண்கள் இருப்பதால் எந்த அலுவலகத்திலும் அவளிடம் இரண்டாம் முறை பெயர் கேட்டதில்லை. என் பெயரோ குடியிருப்பு அட்டையில் இரண்டு வரிக்கு ஓடும்; வங்கிப் படிவத்தில் கட்டங்கள் தீர்ந்துபோய்ப் பாதியில் நிற்கும். மருத்துவக் காப்பீட்டில் முன்பாதி, வங்கியில் பின்பாதி. இரண்டு பாதியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு முறை அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

மாரி சின்ன வயதிலேயே பக்கத்துத் தெரு ஆசிரியையிடம் பூ வைக்கக் கற்றுக்கொள்ளப் போனாள். நான் அப்போதுதான் ஒரு நல்ல கேமரா வாங்கியிருந்தேன். அதை வைத்து எதையாவது எடுத்தாக வேண்டுமே. முதல் நாள் ஆசிரியை வீட்டு வாசலில் நின்று, "பூ எடுக்க வந்திருக்கிறேன்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். படம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். அந்த அம்மையார் ஒரு கணம் யோசித்து, உள்ளே போய், வகுப்பில் மிஞ்சிய பூவையெல்லாம் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து குனிந்து கொடுத்தார். திருத்தினால் அவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். இப்படிச் சில வாரங்கள், தோளில் கேமராவோடு போய்க் கையில் பூப்பொட்டலத்தோடு திரும்பினேன்.

"நீங்க போட்டோ எடுக்கப் போறீகளா, பூ யாவாரத்துக்குப் போறீகளா?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் மகளை விட்டு விளக்கச் சொன்னேன். ஆசிரியை சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததுதான் எனக்குத் தாங்காது. நம் ஊரில் தடுக்கி விழுந்தால் சிரித்துவிட்டுத் தூக்கிவிடுவார்கள். அங்கே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நாமே எழுந்திருக்க நேரம் கொடுப்பார்கள்.

சின்ன வயதில் மாரி என் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எனக்கான செய்திகள் அவள் அம்மா வழியாகத்தான் வரும். "அப்பாவிடம் சொல்லுங்கள், நாளைக்கு நான் தாமதமாக வருவேன்" என்று அடுத்த அறையில் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவள் அம்மா என்னிடம் வந்து அதை மொழிபெயர்ப்பாள், தமிழிலிருந்து தமிழுக்கு.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் நேராக என் முன்னால் வந்து நின்று, "அப்பா, எனக்கு ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டாள். விஷயம் இது. அவளுடைய பூக் கலைத் தேர்வின் கடைசிப் படி வகுப்பு மண்டபத்தில் நடக்கும். அதே வாரத்தில் அனுமந்தன்பட்டியில் என் அக்காவின் புது வீட்டுப் பால்காய்ப்பு. இந்த வருஷம் விட்டால் மாரி கல்லூரிக்கு வேறு ஊர் போய்விடுவாள். இந்த ஆசிரியையிடம் முடிக்கவே முடியாது. ஆசிரியை ஒரு வழி சொன்னார். போகிற இடத்தில் கிடைப்பதை வைத்துச் செய், படம் எடுத்து அனுப்பு, தேர்வுக் குழு பார்க்கும். ஒரே நிபந்தனை, படத்தில் எதையும் திருத்தக் கூடாது. திருத்தவில்லை என்று பூ வைத்தவரும் படம் எடுத்தவரும் கையெழுத்திட வேண்டும்.

"இதென்ன பெரிய காரியம்" என்றேன். என் வாழ்க்கையில் நடந்த எல்லாக் கூத்துக்கும் முன்னுரை இந்த வாக்கியம்தான்.

3

கென்சானைக் கைப்பையில் வைத்தது முதல் தப்பு. இறங்கிய விமான நிலையத்தில் சோதனை அதிகாரி அதைக் கையில் எடுத்து, விரலால் ஆணியைத் தொட்டுப் பார்த்து, என்னையும் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"பூ வைக்கிறது சார்."

"பூ வைக்க எதுக்கு ஆணி? ஒங்க வீட்டுல தலையில வைக்க மாட்டாங்களா?"

மாரி நடுவில் வந்து, "மன்னிக்கவும் ஐயா, இது மலரை நிற்க வைக்கும் கருவி" என்று சொல்லி, இடுப்பு வரை குனிந்தாள். அவர் பதறிப்போய் அவரும் பாதி குனிந்து, கென்சானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் அனுபவத்தில் இந்திய அரசாங்கம் எனக்காக இறங்கிவந்தது அந்த ஒரு தடவைதான்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விடுப்பு கிடைக்கவில்லை. ஆக நானும் மாரியும் மட்டும்தான் அக்கா வீட்டில் இறங்கினோம். பால்காய்ப்பு முடிந்த மறுநாளும் வீடு நிறைய சனம். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், தோட்டத்தில் கவாத்து பண்ணி வெட்டிப் போட்டிருந்த திராட்சைக் கொடிகளில் மாரி அரை நாள் தேடி, கோணல்மாணலாக இரண்டு துண்டு எடுத்துவந்தாள். கூட ஒரு முருங்கைக் கிளை. அப்புறம் செவ்வந்தி.

புதுக் கூடத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் குட்டையான ஸ்டூல் போட்டு, ஜப்பானிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த வெளிர்நிறச் சாடியை வைத்து, தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். கூட்டம் கூடிவிட்டது.

"மாப்ள, வெந்நி அடுப்புக்குன்னு போட்டு வச்சிருந்தத நடுக்கூடத்துல தூக்கி வச்சிருக்கீகளே" என்றார் மச்சான்.

"ஏலே, ஒன் மவ அம்புட்டு செவ்வந்தி வாங்கிட்டு ரெண்டே ரெண்டுதேன் வச்சிருக்கா. மிச்சத்தக் கட்டிரவா?" இது அக்கா. பதிலுக்குக் காத்திராமல் முருங்கைக் கிளையில் மஞ்சளாகியிருந்த ஓர் இலைக்கொத்தைக் கிள்ளக் கையை நீட்டினாள்.

"அத்தை, தயவுசெய்து அதைப் பறிக்க வேண்டாம்" என்றாள் மாரி.

"பழுத்த எலடீ."

"ஆமாம் அத்தை. பழுத்ததால்தான் வைத்தேன்."

"ஆத்தா, பேச்சப் பாரு. ரேடியோவுல சேதி வாசிக்கிறவ மாதிரியே பேசுறா" என்று அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டதும் உண்மை.

நேர்மையாகச் சொல்கிறேன், மாரி எழுந்து நகர்ந்தபோது எனக்கே நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விறகுதான். ஆனால் அந்தக் கொடி மேலே போய், யோசித்து, ஒரு பக்கம் திரும்பி நின்ற விதம் அப்படி. வந்த சனம் சத்தம் குறைந்து பார்த்துக்கொண்டு நின்றது. நான் முக்காலியை நிறுத்தி, கேமராவைப் பூட்டி, அந்தத் துளைக்குள் முகத்தைப் புதைத்தேன். வெளிச்சம் மாற மாற எடுத்துக்கொண்டே இருந்தேன்.

4

மாடியில் தனியாக உட்கார்ந்து மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். சாடியின் வயிற்றில், இடப்பக்கம், ஒரு கரும்புள்ளி.

அடுத்த படம். அதே இடத்தில் அதே புள்ளி. அதற்கடுத்த படம். அதே. எல்லாப் படத்திலும் இடம் மாறாமல் கறை இருந்தால் கோளாறு பொருளில் இல்லை, கருவியில். தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். கேமராவுக்குள் தூசி விழுந்துவிட்டது. வருஷக்கணக்கில் என்னிடம் நேராகப் பேசாத பிள்ளை முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள். அதிலும் நான் புள்ளி வைத்துவிட்டேன்.

பதற்றத்தில் என் மூளை எப்போதும் செய்வதைச் செய்தது. மறைத்தது.

"படம் பிரமாதமா வந்திருக்கு. தேனிக்குப் போய் அனுப்பிட்டு வந்துர்றேன்" என்றேன் மாரியிடம்.

"இங்கே இருந்தே அனுப்பலாமே அப்பா."

"இங்கன இருந்து ஜப்பானுக்கு சரியாப் போகாது."

அன்று காலையில் அதே கூடத்தில் நின்று நகோயாத் தோழியோடு முகம் பார்த்துப் பேசியவள் அவள். "சரி அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பேருந்தில் புதுச் சந்தேகம் பிடித்தது. நான் ஐம்பதைத் தாண்டியவன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். புள்ளி கேமராவில் இல்லாமல் என் கண்ணில் இருந்தால்? சோதித்துவிடலாம் என்று இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் எதிர் இருக்கையைப் பார்த்தேன். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால். பிறகு மறுபடியும். எதிர் இருக்கையில் இருந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "மசுரு நரச்சும் புத்தி நரைக்கல பாத்தீகளா" என்றார். சின்னமனூரில் இடம் மாறி உட்கார்ந்தேன். கண்ணில் கோளாறு இல்லை என்பதும் உறுதியாயிற்று.

தேனியில் ஷாஜகான் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். உத்தமபாளையத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பள்ளத்தாக்கில் பாதிப் பேருடைய கல்யாணம் அவன் கையால்தான் அழகானது.

"வாடா ஜப்பானு. எப்ப வந்தெ?" என்றவன், நான் நீட்டிய படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "யாரு போயிட்டாக?"

"யாரும் போகலடா."

"பின்ன? துஷ்டி வீட்டுலகூட இதவிட நாலு பூ சேத்து வப்பாகளே."

"இது கலைடா. மாரி செஞ்சது."

"கலையா. அப்ப நான் பேசக் கூடாது." நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு புள்ளியைப் பெரிதாக்கினான். "தூசின்னா ஓரம் கலங்கலாத் தெரியும். இது கருகருன்னு வட்டமா இருக்கு. இது பங்கஸு. ஒன் ஊர்ல ஈரம் சாஸ்தி, லென்சுக்குள்ள பூத்துருச்சு."

"கழுவ முடியுமா?"

"அதக் கழட்டி மாட்ட நாலு நாளு ஆகும். எதுக்கு? அழிச்சு விட்டுர்றேன். கல்யாணப் பொண்ணு மொகத்துல பருவே இல்லாம அனுப்புறவன்டா நானு."

கையெழுத்து ஞாபகம் வந்தது. எதையும் திருத்தவில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் பூஞ்சை பூவோடு சேர்ந்ததா என்ன? கேமராவின் அழுக்கைத் துடைப்பது திருத்தமாகுமா? வக்கீல் வைக்காமலேயே எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். "அழி" என்றேன். தலைமுடி அளவு கீறலை விடாத பரிசோதகன் அந்த ஸ்டூடியோ நாற்காலியில் உயிரை விட்டான்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஷாஜகான் முடித்திருந்தான். புள்ளி இல்லை. செவ்வந்தி ஒரு சுற்றுப் பருத்திருந்தது.

"ஒரு எல பழுத்துக் கெடந்துச்சு. பச்சையாக்கிட்டேன். பின்னாடி வெறுஞ்சுவரா இருக்கேடா, சுருளி அருவிய வச்சு விடவா?"

அருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்தேன். இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பச்சை இலை யாருக்குக் கசக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு வருஷம் அங்கே இருந்தால் என்ன, உள்ளே இருக்கிறவன் பள்ளத்தாக்குக்காரன்தானே.

5

மாரியின் கையெழுத்தும் வேண்டுமே என்று நினைவு வர, அனுப்பாமலேயே வீடு திரும்பினேன். மாரி படத்தைத் திறந்து பெரிதாக்கினாள்.

"அப்பா, இந்த இலை."

"அது வெளிச்சம்மா. வெளிச்சத்துல அப்படித்தான்."

"அத்தை வைத்த பொட்டு எங்கே?"

"எந்தப் பொட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கூடத்தைக் காட்டினாள். ஸ்டூலின் மேல் சாடி நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றில், இடப்பக்கம், விரல்நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. கண்மை. பக்கத்தில் போய்த் தொட்டேன். விரலில் ஒட்டியது. கேமராவை முக்காலியில் பூட்டி, சாடியை ஸ்டூலில் அசையாமல் வைத்து எடுத்தால் உலகத்தில் எதுவுமே இடம் மாறாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைவிட முக்கியமான சங்கதி, சாடி மட்டும்தான் அங்கே நின்றது. கொடியைக் காணோம். பூவைக் காணோம்.

"அக்கா" என்று அலறினேன் என்றுதான் மச்சான் பிறகு சொன்னார். கூப்பிட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னடா, படம் எடுத்தாச்சுன்னுதேன தேனிக்குப் போன. செவ்வந்திய சாமி படத்துக்கு வச்சுட்டேன். அந்தக் குச்சி வெந்நி அடுப்புல."

"சாடில எதுக்குக்கா மைய வச்ச?"

"பின்ன வைக்காம? வந்தவுக பூராம் வீட்டப் பாக்காம அதத்தேன் பாத்துக்கிட்டு நிக்கிறாக. அந்த மேலத்தெருக்காரி வாயத் தொறந்தவ மூடல. கண்ணு பட்டுப் பொசுக்குன்னு ஒடஞ்சு போச்சுன்னா, சின்னப் பிள்ள அங்கன போயி டீச்சருக்கு என்ன பதில் சொல்லும்?"

"ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சிருக்கலாம்ல."

"நீ மொதப் படம் எடுக்குறதுக்கு முன்னாடியே ஒன் பக்கத்துலதேன்டா நின்னு வச்சேன். நீ அந்தப் பொட்டிக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டு, தள்ளுக்கா தள்ளுக்கான்ன. தள்ளி வந்துட்டேன்."

மாரியிடம் திரும்பினேன். "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். தெரியும் என்று நினைத்தேன்." காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். அங்கேயும் ஒன்று. "எனக்கும் வைத்தார்கள். வந்த அன்றைக்கே."

தூசி, கண், பூஞ்சை, ஷாஜகான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிமுடித்தேன். பேருந்து அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாரி சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டிருப்பீர்களா, அப்பா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "போட்டிருப்பேன்" என்றேன். "புள்ளியோட அனுப்புனா ஒன்னைத் தோக்கடிச்சுருவாகளோன்னு பயந்துட்டேன்."

"எனக்குப் பயமில்லை. நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை."

அவள் அம்மா அருகில் இல்லை, மொழிபெயர்க்க. நேராக வந்து விழுந்தது.

மறுபடி செய்ய முடியுமா என்று கேட்டேன். மாரி மறுத்துத் தலையை ஆட்டினாள். அதே கொடி திரும்ப வராது. அவள் ஷாஜகானின் படத்தை மூடிவிட்டு, முதலில் எடுத்தவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மஞ்சள் இலை, இளைத்த செவ்வந்தி, கரும்பொட்டு எல்லாம் அப்படியே. "அன்றைக்கு அது அங்கே இருந்தது" என்றாள். கையெழுத்துப் போட்டேன். இடம் பத்தாமல் என் பெயர் பாதியில் நின்றது. படம் அனுமந்தன்பட்டியிலிருந்தே ஜப்பானுக்குப் போயும் சேர்ந்தது.

6

நகோயா திரும்பிய பிறகு நான் பட்ட பாட்டை வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். கண்படுவது என்றால் என்ன என்று ஜப்பானிய மொழியில் விளக்க ஓர் உரை தயாரித்தேன். குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். "எங்கள் ஊரில் ஒரு பொருள் அளவுக்கு மீறி அழகாக இருந்தால் நாங்கள் அதைக் கொஞ்சம் கெடுத்து வைப்போம்" என்பது வரை வந்து நிற்பேன். அதற்கு மேல் எனக்கே விளங்காது. குழுவில் இருப்பவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியால் அந்தப் பொட்டைப் பார்ப்பது போல் கனவு வந்தது. அவர்களில் ஒருவர் சிவப்புப் பெட்டியை நகர்த்தினார். கனவுக்கு வெளியே, தொழிற்சாலையில், மேலதிகாரி கூப்பிட்டு, நீங்கள் ஒதுக்கிய வளையங்களில் கீறல் எதுவும் இல்லையே, எதற்கு ஒதுக்கினீர்கள் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

மாரி அமைதியாகப் பள்ளிக்குப் போய் வந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, அந்த உரையை ஆசிரியையிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றாள். நேராக என்னிடமே சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். குழுவிடமிருந்து முதலில் வந்த செய்தியில் படம் ஏற்கப்படவில்லை. பூ வைத்த விதத்தில் குறை இல்லை என்றும், படம் எடுத்தவர் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார் என்றும், இந்தக் கலை தரையில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண் உயரத்துக்குச் செய்யப்படுவதால் அந்த உயரத்தில் எடுத்த படம் இருந்தால் அனுப்பலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அனுமந்தன்பட்டியில் அன்றைக்குச் சாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோழிக்குக் காட்ட மாரி தன் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தாள். அதை அனுப்பினாள். மாரி தேர்ச்சி பெற்றுவிட்டாள் என்று போன வாரம் ஆசிரியையின் செய்தி வந்தது. அந்தப் படத்திலும் பொட்டு இருக்கிறது. இரண்டு முறையும் அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.